பேட்டர்னின் கணக்கும் என் கையின் கணக்கும்

முதல் ஸ்வெட்டரைப் பின்னி முடித்து, நனைத்து, காயவைத்து எடுத்துப் போட்டுக்கொண்ட அன்று, அதன் கழுத்து என் தோள்பட்டையிலிருந்து சரிந்து இறங்கியது. பின்னிக்கொண்டிருந்த மாதங்களில் நான்கைந்து முறை அதைப் போட்டுப் பார்த்திருந்தேன். அப்போதெல்லாம் அது உடம்போடு சரியாகப் பொருந்தியே இருந்தது. அளவு நாடாவை எடுத்து அளந்தபோது, 100 செ.மீ. இருக்க வேண்டிய மார்புச் சுற்று 110 செ.மீ. என்று காட்டியது. பின்னல் குறிப்பான பேட்டர்ன் 220 கண்ணிகள் கேட்டிருந்தது. என் ஊசியிலும் 220 கண்ணிகள்தாம் இருந்தன. ஒரு கண்ணிகூடப் பிசகவில்லை என்பதே அன்றைக்கு எனக்கு விளங்காத புதிராக இருந்தது.

காரணம், அளவு பார்க்க முதலில் பின்னும் மாதிரித் துண்டில் இருந்தது. 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணிகள் வர வேண்டும் என்று பேட்டர்ன் சொன்னது; என் துண்டிலும் 22 வந்தது. ஆனால் அந்தத் துண்டை ஊசியிலிருந்து இறக்கியவுடன் அளந்தேனே தவிர, நனைத்துக் காயவைத்து அளக்கவில்லை. காய்ந்த ஸ்வெட்டரில் எண்ணியபோது 10 செ.மீ.க்கு 20 கண்ணிகளே இருந்தன. இரண்டு கண்ணிகள் என்பது துண்டில் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். அதுவே 220 கண்ணிகள் சுற்றி வரும்போது ஒரு சாண் அகலத்தில் பாதியாகப் பெருகிவிடுகிறது.

அந்த நூல் சூப்பர்வாஷ் வகையைச் சேர்ந்தது. சாதாரணக் கம்பளி இழையின் மேல் மீன் செதில்களைப் போல நுண்ணிய அடுக்குகள் இருக்கின்றன. அவைதான் வெந்நீரிலும் அலசலிலும் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு துணியைச் சுருக்கிக் கெட்டியாக்குகின்றன. இயந்திரத்தில் துவைக்க வசதியாக இருக்கட்டும் என்று குளோரின் கொண்டு அந்தச் செதில்களை மழுக்கி, மேலே மெல்லிய பாலிமர் பூச்சு கொடுப்பார்கள். அதன் பிறகு இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வது குறைந்துபோகிறது. ஈரத்தின் கனத்தில் கண்ணிகள் வழுக்கி விரிகின்றன. நூலின் மீது குறை இல்லை. அது எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாதது என் குறை.

மஃப்ளர், தொப்பி, காலுறை என்று பின்னிப் பழகியவர்கள் புல்லோவருக்கு வரும்போது, புதிய விரல் வித்தைகள் ஏதோ காத்திருக்கின்றன என்று பயப்படுகிறார்கள். இடைநிலை என்று குறிக்கப்பட்ட பேட்டர்ன்களை விரித்துப் பார்த்தால், முன்பக்கக் கண்ணியான நிட், அதன் மறுபக்கமான பர்ல், கண்ணி கூட்டுதல், கண்ணி குறைத்தல், கண்ணிகளை முறுக்கிக் கடக்கவிடும் ஒரு கேபிள், பாதியிலேயே திரும்பும் கொஞ்சம் குறுவரிசைகள் ஆகியவற்றைத் தாண்டி அனேகமாக எதுவும் இருப்பதில்லை. மஃப்ளர் இரண்டு அங்குலம் அகலமானால் யாருக்கும் தெரியாது. காலுறை ரிப்பின், அதாவது நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் பின்னலின், இழுவையில் சமாளித்துக்கொள்ளும். புல்லோவர் அப்படி விட்டுக்கொடுக்காது. அது ஒரு குறிப்பிட்ட உடம்பின் மேல், தோளிலிருந்து தொங்கி நிற்க வேண்டிய துணி. பேட்டர்னில் உள்ள எண்கள் அதை எழுதியவரின் கைக்கும், அவர் எடுத்துக்கொண்ட நூலுக்கும் உரியவை. அந்த எண்களை என் கைக்கும் என் உடம்புக்கும் மாற்றி எழுதுவதுதான் இந்த நிலையில் கற்க வேண்டிய வேலை என்று, முதல் ஸ்வெட்டரை முழுவதும் பிரித்து நூலைச் சுற்றி வைத்த பிறகே எனக்குப் புரிந்தது.

ஆகவே இரண்டாவது ஸ்வெட்டரைக் குறிப்பேட்டிலிருந்து தொடங்கினேன். 100 கிராமுக்கு 200 மீட்டர் வரும் நடுத்தரத் தடிமனுள்ள, சூப்பர்வாஷ் செய்யாத கம்பளி நூலில் ஆறு கண்டுகள் எடுத்துக்கொண்டேன். சாயத் தொகுதி எண் ஆறிலும் ஒன்றுதான். ஆனாலும் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு கண்டு மட்டும் மயிரிழை அளவு மங்கலாகத் தெரிந்ததால், அதைச் சேர்த்த இடத்தில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை நூலை மாற்றி மாற்றிப் பின்னினேன். இப்போது நானே தேடினாலும் அந்த இடம் தெரியவில்லை.

மாதிரித் துண்டுக்கு ஒரு முழு மாலையை ஒதுக்கினேன். ஸ்வெட்டர் சுற்றுச் சுற்றாகப் பின்னப்படுவதால் துண்டையும் அப்படியே பின்ன வேண்டும். தட்டையாகப் பின்னினால் ஒரு வரிசை நிட், மறுவரிசை பர்ல் என்று வரும். பலருக்கும் பர்ல் கண்ணி சற்றுத் தளர்வாகவே விழும். எனக்கும் அப்படித்தான். ஆதலால் இரு முனைகளையும் கயிறு இணைக்கும் வட்ட ஊசியில் வரிசையின் முடிவுக்கு வந்ததும் துண்டைத் திருப்பாமல், கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்கு நகர்த்தி, நூலைப் பின்புறமாகத் தளர்வாக இழுத்துக்கொண்டு மறுபடியும் நிட் வரிசையே பின்னினேன். பின்பக்கம் நூல்கள் தொங்குவது அழகாக இருக்காது. அளவு மட்டும் பொய் சொல்லாது. 20 செ.மீ. அகலத்தில் பின்னி, ஸ்வெட்டரை எப்படி நனைப்பேனோ அப்படியே வெதுவெதுப்பான நீரில் நனைத்து, துவாலையில் சுருட்டி அழுத்தி, விரித்துக் காயவைத்து, ஓரங்களை விட்டு நடுவில் 10 செ.மீ. எடுத்து எண்ணினேன். பேட்டர்ன் 21 கண்ணியும் 30 வரிசையும் கேட்டிருந்தது. எனக்கு 4.5 மி.மீ. ஊசியில் 20 கண்ணியும் 28 வரிசையும் வந்தன.

இந்த இடத்தில் எல்லோரும் சொல்வது, ஊசியைச் சிறிதாக்கு என்பது. 4 மி.மீ. ஊசியில் இன்னொரு துண்டு பின்னிப் பார்த்தேன். எண்ணிக்கை கிட்டத்தட்ட வந்தது; துணி மட்டும் அட்டையைப் போல விறைத்துக்கொண்டது. இரண்டு துண்டுகளையும் விரல்மேல் போட்டுப் பார்த்தால், ஒன்று மடிந்து வழிந்தது, மற்றது நிமிர்ந்து நின்றது. உடம்பில் போடப்போவது துணியைத்தான், எண்ணிக்கையை அல்ல என்பதால், எனக்குப் பிடித்த துணியை வைத்துக்கொண்டு பேட்டர்னின் எண்களை மாற்றுவது என்று முடிவு செய்தேன். அந்த முடிவை எடுத்த பிறகு பேட்டர்ன் வழிகாட்டியாக மட்டும் நின்றது.

என் மார்புச் சுற்று 92 செ.மீ. உடம்புக்கும் துணிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விடுவது என்பதை ஊகித்துச் சொல்வதைவிட, ஏற்கெனவே விரும்பிப் போடும் ஒரு ஸ்வெட்டரைத் தரையில் விரித்து அளப்பது நல்லது. என்னுடையது 100 செ.மீ. இருந்தது. அதாவது 8 செ.மீ. தளர்வு. சாதாப் பின்னலாக இருந்தால் 200 கண்ணிகள் போதும். ஆனால் முன்பக்க நடுவில் 24 கண்ணிகள் கொண்ட ஒரு கேபிள் பட்டை வரவிருந்தது. கேபிளில் கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கடப்பதால் துணி உள்ளிழுத்துக்கொள்ளும். அந்தப் பட்டைக்கும் தனியாக ஒரு துண்டு பின்னி நனைத்து அளந்தேன். சாதாப் பின்னலில் 12 செ.மீ. வர வேண்டிய 24 கண்ணிகள், கேபிளில் 8.5 செ.மீ. மட்டுமே வந்தன. மீதி 91.5 செ.மீ.க்கு 183 கண்ணிகள்; அதனோடு 24 சேர்த்தால் 207. இரண்டு நிட் இரண்டு பர்ல் ரிப்புக்கு நான்கால் வகுபட வேண்டும் என்பதால் 208 என்று வைத்துக்கொண்டேன். கேபிளைக் கணக்கில் சேர்க்காமல் 200-லேயே பின்னியிருந்தால், அது முன்பக்கத்தில் மட்டும் இறுக்கிப் பிடித்திருக்கும்.

நான் எடுத்துக்கொண்டது கழுத்தில் தொடங்கி கீழ்நோக்கி இறங்கும் ராக்லன் வடிவம். கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக இறங்கும் நான்கு கோடுகள்தாம் அதன் அடையாளம். 1815-இல் வாட்டர்லூ போரில் வலக்கையை இழந்த, பின்னாளில் ராக்லன் பிரபு என்று அழைக்கப்பட்ட ஆங்கிலேயத் தளபதியின் பெயரால் அந்தக் கைவடிவம் வழங்குகிறது. தோள் முனையில் தையல் எதுவும் இல்லாமல் கை கழுத்துவரை நீளுவதால், கையைத் தூக்கும்போது துணி பிடித்து இழுப்பதில்லை. பின்னுபவருக்கு அதைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு: பாதியில் எப்போது வேண்டுமானாலும் தலை வழியே போட்டுப் பார்க்கலாம்.

நான்கு கோடுகளின் இருபுறமும் ஒவ்வொரு கண்ணி கூட்டினால், ஒரு சுற்றுக்கு எட்டுக் கண்ணிகள் கூடும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று இப்படிக் கூட்டிக்கொண்டே போவது வழக்கம். கழுத்துக்கு 84 கண்ணிகள் ஏற்றினேன்: முன்பக்கம் 34, பின்பக்கம் 30, கைகளுக்குப் பத்துப் பத்து. கழுத்திலிருந்து அக்குள் வரை 22 செ.மீ. ஆழம் வேண்டும் என்றால், என் வரிசைக் கணக்கில் 62 சுற்றுகள். அதில் கூட்டும் சுற்றுகள் 31. முன்பக்கம் 96, பின்பக்கம் 92 என்று வளரும். இரண்டு அக்குள்களிலும் பத்துப் பத்துக் கண்ணிகள் புதிதாக ஏற்றினால் மொத்தம் 208. உடம்பின் கணக்கு இவ்வளவு நேராக வந்து விழுந்ததும், கைகளின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். பத்தோடு 62 கூடி 72, அக்குளில் பத்து, ஆக 82 கண்ணிகள். அதாவது 41 செ.மீ. என் மேல்கைச் சுற்று 30 செ.மீ.தான்!

ராக்லன் ஸ்வெட்டர்களில் அக்குளுக்குக் கீழே துணி பை போலத் தொங்குவதைப் பலர் நூலின் குறை என்றோ வடிவத்தின் குறை என்றோ நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது இந்தக் கணக்குதான். உடம்பும் கையும் ஒரே வேகத்தில் வளர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. எனக்குக் கையில் 35 செ.மீ., அதாவது 70 கண்ணிகள் போதும். அக்குளின் பத்துப் போக 60. தொடக்கத்தில் உள்ள பத்துப் போக 50. ஒரு கூட்டும் சுற்றில் கைக்கு இரண்டு கண்ணிகள் என்றால் 25 சுற்றுகள். ஆகவே 31 கூட்டும் சுற்றுகளில் ஆறில் மட்டும் உடம்புப் பக்கத்தில் கூட்டி, கைப் பக்கத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். அந்த ஆறையும் ஒரே இடத்தில் வைத்தால் கோடு அங்கே வளைந்து தெரியும் என்பதால், யோக்கின், அதாவது கழுத்திலிருந்து அக்குள் வரையிலான பகுதியின், கீழ்ப்பாதியில் இடைவெளி விட்டுப் பரப்பினேன். மாற்றம் செய்த சுற்றுகளின் எண்களைத் தாளில் எழுதி, முடிக்க முடிக்க அடித்துக்கொண்டே வந்தேன்.

இந்தக் கணக்கைச் சரிபார்க்க எனக்கு உதவியது பின்னல் ஆசிரியர் எலிசபெத் சிம்மர்மேன் வகுத்த விகித முறை. இங்கிலாந்தில் 1910-இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறி, அங்கேயே 1999-இல் காலமான அவர், உடம்பின் கண்ணிகளை நூறு என்று வைத்துக்கொண்டால், மேல்கைக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, மணிக்கட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு, கழுத்துக்கு நாற்பது சதவீதம் என்று பொதுவாகச் சொன்னார். 208-க்கு இவை 69, 42, 83. என் எண்கள் 70, 42, 84. உடம்புக்கு உடம்பு இந்த விகிதம் மாறும். ஆனால் அளவு நாடாவிலிருந்து வந்த எண்ணும் விகிதத்திலிருந்து வந்த எண்ணும் வெகுதூரம் விலகி நின்றால், ஏதோ ஓர் இடத்தில் தப்புக் கூட்டியிருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள அது போதும்.

கழுத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 84 கண்ணிகள் இழுக்காமல் 42 செ.மீ. வரும், பெரியவர்களின் தலைச் சுற்றோ 57 செ.மீ. அளவில் இருக்கும். ரிப் விரிந்து கொடுக்கும். அதன் விளிம்பு விரிந்து கொடுக்காவிட்டால் எல்லாம் வீண். எனவே கண்ணிகளை மட்டும் 5 மி.மீ. ஊசியில் ஏற்றி, அடுத்த சுற்றிலிருந்து 4 மி.மீ. ஊசியில் ரிப் பின்னினேன். பின்கழுத்து முன்கழுத்தைவிட உயர்ந்திருக்க வேண்டும் என்பதற்காகப் பின்பக்கத்திலும் கைகளிலும் மட்டும் ஆறு குறுவரிசைகள் சேர்த்ததில் 2 செ.மீ. உயரம் கிடைத்தது. திரும்பும் இடத்தில் முதல் கண்ணியை எடுத்துவிட்டு நூலை ஊசிக்கு மேலே இறுக்கிப் பின்னால் இழுத்தால், அந்தக் கண்ணி இரண்டு கால்களோடு நிற்கும். அடுத்த முறை வரும்போது இரண்டு கால்களையும் சேர்த்து ஒரே கண்ணியாகப் பின்னிவிடலாம், ஓட்டை விழாது. இந்தக் குறுவரிசைகள் இல்லாத ஸ்வெட்டர் நாள் முழுவதும் தொண்டையைத் தொட்டுக்கொண்டே இருக்கும்.

அக்குளைத் தாண்டி உடம்பில் ஒரு சாண் இறங்கியிருந்தபோது, விளக்கடியில் விரித்துப் பார்த்ததில், பட்டையின் இடப்பக்கக் கேபிளின் ஒரு முறுக்கு எதிர்த்திசையில் கடந்திருப்பது கண்ணில் பட்டது. ஊசியிலிருந்து 19 சுற்றுகள் கீழே! மூன்று கண்ணிகளை முன்னால் பிடிப்பதற்குப் பதிலாகப் பின்னால் பிடித்திருக்கிறேன். ஒரு சுற்றில் 208 கண்ணிகள் வீதம் 19 சுற்றுகளைப் பிரிக்க மனம் வரவில்லை. அந்தக் கேபிளின் ஆறு கண்ணிகளை மட்டும் ஊசியிலிருந்து விடுவித்தேன். நழுவிய கண்ணிகள் ஒவ்வொரு சுற்றாக அவிழ்ந்து இறங்க, அவற்றின் இடத்தில் ஏணிப் படிகளைப் போல 19 இழைகள் குறுக்கே நின்றன. ஒவ்வோர் இழையும் ஒரு சுற்றின் நூல். தவறிய முறுக்குக்குக் கீழே இருந்த ஆறு கண்ணிகளையும் இருமுனை ஊசியில் பிடித்து, மூன்றை முன்னால் நிறுத்திச் சரியான பக்கம் கடக்கவைத்து, மிகக் கீழேயுள்ள படியின் நூலைக் கொண்டு அந்த ஆறையும் பின்னினேன். பிறகு அடுத்த படி, அதற்கடுத்த படி. மேலே 8-ஆவது சுற்றிலும் 16-ஆவது சுற்றிலும் வந்த முறுக்குகளையும் மறுபடி போட வேண்டியிருந்தது. படிகளை வரிசை மாற்றி எடுத்துவிடாமல் இருப்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. எடுத்துவிட்டால் பின்பக்கம் ஓர் இழை தனியாகத் தொங்கும், அதைப் பார்த்து மறுபடி இறங்க வேண்டும். முக்கால் மணி நேரம் ஆனது. முடிந்தபோது ஓரக் கண்ணிகள் பெரிதும் சிறிதுமாக இருந்தன; நனைத்த பிறகு அவை ஒன்றுபோல அடங்கிவிட்டன.

உடம்பை முழுவதும் முடிப்பதற்கு முன்பே கைகளைப் பின்னிவிடுவது நல்லது என்பது என் கருத்து. மீதமுள்ள நூல் எவ்வளவு என்று தெரிந்த பின், உடம்பை எவ்வளவு நீட்டலாம் என்று தீர்மானிக்க முடியும். கைக்கென வேறு நூலில் கோத்து வைத்திருந்த 60 கண்ணிகளை ஊசிக்கு மாற்றி, அக்குளில் பத்துக் கண்ணிகளை எடுத்ததோடு, இரண்டு மூலைகளிலும் ஒவ்வொன்று கூடுதலாக எடுத்து அடுத்த சுற்றிலேயே குறைத்துவிட்டேன். அந்த மூலைகளில்தான் எப்போதும் ஓட்டை விழும். 8 செ.மீ. பின்னிய பிறகு அளந்தால், சிறிய வட்டத்தில் என் பின்னல் இறுகியிருந்தது, 10 செ.மீ.க்கு 21.5 கண்ணிகள் வந்தன. 35 செ.மீ. வர வேண்டிய கை 32.5 செ.மீ. ஆகியிருந்தது. பிரித்துவிட்டு 5 மி.மீ. ஊசியில் மறுபடி தொடங்கினேன். ஒரே ஆள், ஒரே நூல். வட்டம் சிறிதானதும் கை மாறிவிடுகிறது.

70 கண்ணிகளிலிருந்து மணிக்கட்டின் 42 கண்ணிகளுக்கு இறங்க 14 குறைக்கும் சுற்றுகள் தேவை. அக்குளிலிருந்து 44 செ.மீ. நீளத்தில், முதல் 3 செ.மீ. நேராகவும் கடைசி 6 செ.மீ. ரிப்பாகவும் போக, மீதி 35 செ.மீ.க்கு 98 சுற்றுகள். ஏழு சுற்றுக்கு ஒரு முறை குறைத்தால் கணக்கு முடிந்துவிடும். ரிப்புக்கு முன்னால் இன்னும் இரண்டைக் குறைத்து 40 ஆக்கிக்கொண்டேன். உடம்பின் அடியில் 4 மி.மீ. ஊசியில் ரிப் பின்னி, கண்ணிகளைத் தளர்வாக மூடினேன்.

முடித்த ஸ்வெட்டரை வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் அசைக்காமல் ஊறவைத்தேன். கம்பளியின் கெரட்டின் இழைகளுக்குள் நீர் புகுந்து, அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்துகிறது. காயும்போது எந்த வடிவில் விரித்து வைத்திருக்கிறோமோ அந்த வடிவில் அவை மீண்டும் சேர்கின்றன. அதனால்தான் அதை முறுக்கிப் பிழியக் கூடாது, கொடியில் தொங்கவிடவும் கூடாது. தண்ணீரிலிருந்து தூக்கும்போது இரு கைகளாலும் அடியில் தாங்கி எடுத்து, துவாலையில் சுருட்டி அழுத்தி, அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரித்தேன். மூன்று நாள்கள் கழித்துக் கையில் எடுத்து அளந்தபோது மார்புச் சுற்று 100.5 செ.மீ. இருந்தது. முன்பக்கம் கேபிளோடு சேர்ந்து தட்டையாக விழுந்தது. பின்கழுத்து மேலே நின்றது. கைகள் மட்டும் போட்டுக்கொண்ட ஒரு வாரத்தில் தம் கனத்தாலேயே ஒரு சென்டிமீட்டர் இறங்கி, 45 ஆகியிருக்கின்றன. அடுத்ததில் கையை 43-இல் முடிக்க வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதி, மாதிரித் துண்டுகளையும் அதே பக்கத்தில் ஊசியால் குத்தி வைத்திருக்கிறேன்.